கனடாவின் சஸ்காட்செவன் நாமினேஷனில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கிட்டு நேரா டொரான்டோ போயிடலாமா?

ராயக்கோட்டை ரோடு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்காகக் கேக்கிறேன். ஓசூர் சிப்காட்டில் சி.என்.சி. மெஷினிஸ்ட். சஸ்காட்செவன் மாகாணம் நாமினேட் பண்ணி, எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (கனடாவின் பாயின்ட் முறைத் தேர்வு) 600 பாயின்ட் சேர்ந்து, பி.ஆர். ஃபைல் போட்டாச்சு. மெடிக்கல், பி.சி.சி. (போலீஸ் சான்று) எல்லாம் முடிஞ்சு சி.ஓ.பி.ஆர்.னு சொல்ற பி.ஆர். உறுதிப் பேப்பருக்குக் காத்திருக்கோம். மனைவியும் 6 வயசுப் பொண்ணும் கூடப் போறாங்க.

எங்க மாமா பையன் டொரான்டோ பக்கத்துல பிராம்ப்டனில் இருக்கார். "பேஸ்மென்ட் காலியாத்தான் இருக்கு, நேரா இங்க வந்துடு" என்கிறார். ஏஜென்ட்டைக் கேட்டா, "இறங்குற வரைக்கும் சஸ்காட்செவன்னு சொல்லுங்க, ஸ்டாம்ப் விழுந்ததும் எங்க வேணா போங்க, சட்டமே அப்படித்தான்" என்கிறார். கிருஷ்ணகிரியில் தெரிஞ்ச ஒருத்தர், 2 வருஷம் அங்கேயே இருக்கணும், இல்லாட்டி பி.ஆர். ரத்துன்னு பயமுறுத்துறார்.

எது சரி? எத்தனை மாசம் இருந்தா போதும்? விமானம் எப்படியும் டொரான்டோவில்தான் முதலில் இறங்குது, அங்கேயே ஸ்டாம்ப் போட்டா சிக்கல் வருமா?

தொப்பூர் கணவாய்

ரெண்டு பேர் சொன்னதும் தப்பு.

2 வருஷக் கதையை முதலில் முடித்துவிடலாம். கனடாவில் மாகாண நாமினேஷன் வழியாக வந்த பி.ஆர். மீது "இத்தனை மாதம் இந்த மாகாணத்தில் இரு" என்று எந்த நிபந்தனையும் ஏறுவதில்லை. அந்நாட்டு உரிமைச் சாசனத்தின் 6வது பிரிவு, குடிமக்களுக்கு மட்டுமின்றி பி.ஆர். உள்ளவர்களுக்கும் எந்த மாகாணத்துக்கும் போய் வசிக்கவும் பிழைக்கவும் உரிமை தருகிறது. நம்ம ஊர் அரசு மருத்துவக் கல்லூரி பி.ஜி. பாண்ட் மாதிரி, காலம் முடியும் முன் விலகினால் பணம் கட்டு என்கிற ஏற்பாடு இதில் கிடையாது. 2 வருஷம் என்பது ஆஸ்திரேலியாவின் 190 என்ற மாநில நாமினேஷன் விசாவுக்கு அங்குள்ள மாநிலங்கள் வாங்கும் வாக்குறுதி. அது இங்கே வந்து கலந்துவிட்டது.

ஏஜென்ட் பேச்சு இதைவிட மோசம். கனடா குடியேற்ற ஒழுங்குமுறையில் 87(2) என்ற விதியைப் பாருங்கள். மாகாண நாமினி வகுப்பில் சேர இரண்டு தகுதி. ஒன்று, நாமினேஷன் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டும். இரண்டாவது, நாமினேட் செய்த மாகாணத்தில் வசிக்கும் எண்ணம் இருக்க வேண்டும். அந்த எண்ணம் ஃபைல் போட்ட அன்றைக்கு இருந்தால் மட்டும் போதாது. விசா கையில் வந்த பிறகு முக்கியமான விவரம் ஏதாவது மாறியிருந்தால், இறங்கும்போது அதிகாரியிடம் தானாகச் சொல்ல வேண்டும் என்று விதி 51 இருக்கிறது. ஆகவே "இறங்குற வரைக்கும் சஸ்காட்செவன்னு சொல்லுங்க" என்பது பொய் சொல்லச் சொல்லும் ஆலோசனை. அதை எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள், தர மாட்டார்.

அந்தப் பொய்க்கு விலை குடியேற்றச் சட்டம் 40வது பிரிவு. தவறான தகவல் தந்தார் என்று தீர்மானமானால் 5 வருஷம் கனடாவுக்குள் நுழையத் தடை, அந்த 5 வருஷத்தில் பி.ஆர். விண்ணப்பமும் போட முடியாது. பி.ஆர். ஆன பிறகு தெரியவந்தால் வெளியேற்ற உத்தரவு வரை போகும். குடியுரிமை வாங்கிய பிறகும் மோசடியின் பேரில் அதைப் பறிக்க வழி இருக்கிறது.

அதனால் "எத்தனை மாசம்" என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடையே கிடையாது. தம்பி உண்மையாகவே சஸ்காட்செவனின் ரெஜைனாவிலோ சாஸ்கட்டூனிலோ குடிவைத்து, வேலை தேடி, 4 மாதத்தில் ஒன்றும் அமையாமல் டொரான்டோ, பிராம்ப்டன் இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் போனால் அது மீறல் ஆகாது. அந்த மாகாணத்து மண்ணை மிதிக்காமலேயே பிராம்ப்டனில் பெட்டியை இறக்கினால், எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை என்று அதிகாரி முடிவுகட்ட அதுவே போதும்.

இப்போதே முடிவு பிராம்ப்டன்தான் என்றால் நேர்மையான வழி ஒன்றுதான்: குடியேற்றத் துறையின் வெப் ஃபார்மில் அதைத் தெரிவிப்பது. நாமினேஷன் போகும், 600 பாயின்ட்டும் கூடவே போகும். பி.ஆர். கிடைக்கும் முன் நாமினேஷனைத் திரும்பப் பெற மாகாணத்துக்கும் அதிகாரம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கெலமங்கலம்

சார், சட்டம் நீங்க சொல்றதுதான். ஆனா நடைமுறையில யாரு புடிக்கிறாங்க? வேற மாகாண நாமினேஷன்ல வந்து ஒன்டாரியோவுல செட்டில் ஆனவங்க எத்தனையோ பேர். அவங்க பி.ஆர். கார்டும் ரின்யூ ஆகுது, சிட்டிசன்ஷிப்பும் கிடைக்குது. சும்மா பயமுறுத்தாதீங்க.

தொப்பூர் கணவாய்

கெலமங்கலம், அவர்களில் பெரும்பாலோர் போய் இருந்துவிட்டு நகர்ந்தவர்கள். அவர்களுக்குச் சிக்கல் வராததில் ஆச்சரியம் என்ன? அட்லாண்டிக் மாகாணங்களில் வந்தவர்கள் தங்கும் விகிதம் குறைவு, ஒன்டாரியோ மாதிரி மாகாணங்களில் அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். மாகாணங்களுக்கும் அது தெரியும். அதனால்தான் கெடுபிடி முன்கூட்டியே நடக்கிறது: உறவினர் எந்த மாகாணத்தில், ஏற்கெனவே வேறு மாகாணத்தில் விண்ணப்பித்தாரா என்றெல்லாம் துருவுகிறார்கள். மானிடோபா மாகாணம், அங்கே எப்படிக் குடியமரப் போகிறீர்கள் என்று தனியாக ஒரு திட்டமே எழுதிக் கேட்கும்.

மாட்டும் இடம் பெரும்பாலும் விசாவுக்கு முன்னால்தான். சந்தேகம் வந்தால் அதிகாரி "உங்கள் எண்ணம் குறித்துக் கேள்வி இருக்கிறது, விளக்கம் தாருங்கள்" என்று ஒரு கடிதம் அனுப்புவார். அதற்குக் குறித்த நாளுக்குள், ஆதாரத்தோடு பதில் போக வேண்டும். பொத்தாம்பொதுவாக "எனக்கு சஸ்காட்செவன் பிடிக்கும்" என்று ஏஜென்ட் எழுதி அனுப்பிக் கெட்ட ஃபைல்கள்தான் அதிகம். எந்த ஊர், எந்தத் தொழிற்சாலைகளுக்கு விண்ணப்பித்தார், வாடகை எவ்வளவு என்று பார்த்தார், குழந்தைக்கு எந்தப் பள்ளி வட்டாரம் என்று இருந்தால் அதுதான் பதில்.

பிறகு மாட்டுவது பழைய முகவரிப் பட்டியலில். குடியுரிமை விண்ணப்பத்தில் முந்தைய முகவரிகளைத் தேதியோடு எழுத வேண்டும். இறங்கிய நாளிலிருந்தே பிராம்ப்டன் என்று எழுதினால் கேள்வி வரும், சஸ்காட்செவன் என்று எழுதினால் அது இரண்டாவது பொய்.

அஞ்செட்டி

சட்டத்தை அண்ணன் சொல்லிட்டார். நான் விமான நிலையத்தைச் சொல்றேன், ஏன்னா முக்கால்வாசிப் பேர் குழம்புறது அங்கதான்.

டொரான்டோவிலோ வான்கூவரிலோ இறங்கி அங்கேயே பி.ஆர். நடைமுறை முடிப்பதில் தப்பே இல்லை. பெங்களூருவிலிருந்து ரெஜைனாவுக்கு நேரடி விமானம் ஏது? கனடாவுக்குள் முதலில் கால் வைக்கும் விமான நிலையத்தில்தான் குடியேற்ற அதிகாரி பார்ப்பார். கவனிக்க வேண்டியது டிக்கெட். பெங்களூரு முதல் ரெஜைனா அல்லது சாஸ்கட்டூன் வரை ஒரே பி.என்.ஆரில் எடுங்க. டொரான்டோ வரை மட்டும் டிக்கெட்டை வெச்சுக்கிட்டு "அப்புறம் போவோம்"னு சொன்னா அதிகாரிக்குச் சந்தேகம் வராம எப்படி இருக்கும்?

இடையில் குறைஞ்சது 4 மணி நேரம் விடுங்க. புதுசா பி.ஆர். ஆகறவங்களைத் தனி அறைக்கு அனுப்புவாங்க, அங்க வரிசை இருக்கும். அப்புறம் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் முடிச்சு, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி போடணும். 90 நிமிஷ இடைவெளியில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற ஏஜென்சிகள் உண்டு, குழந்தையோட ஓடணும்.

கேள்விகள் சாதாரணமாத்தான் இருக்கும். எங்க தங்கப் போறீங்க, யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா, எவ்வளவு பணம் கொண்டு வந்தீங்க. பி.ஆர். கார்டு தபாலில் வர கனடா முகவரி ஒண்ணு கேப்பாங்க. இங்கதான் பலர் சொதப்புறாங்க: வாயில சஸ்காட்செவன், எழுதிக் கொடுக்கிறது பிராம்ப்டன் முகவரி. கையில நிரந்தர முகவரி இல்லாட்டி அன்னைக்கே கொடுக்கணும்னு கட்டாயம் இல்லை, 180 நாளுக்குள் கொடுத்தா போதும். அதைத் தாண்டினா கட்டணம் கட்டிக் கார்டுக்குத் தனியா விண்ணப்பிக்கணும். ரெஜைனாவில் 3, 4 வாரத்துக்கு ஒரு தற்காலிக அறை போட்டு, அந்த புக்கிங்கைக் காகிதமா கையில வெச்சிருக்கறது நல்லது.

பெட்டிக்கு ரெண்டு பட்டியல் வேணும்: கூடக் கொண்டு போறது ஒண்ணு, பின்னாடி வரப்போறது ஒண்ணு. பி.எஸ்.எஃப். 186ன்னு ஒரு படிவம் இருக்கு, முன்னாடியே டைப் பண்ணி ரெண்டு பிரதி எடுத்துக்கங்க. நகைதான் முக்கியம். தாலிக்கொடி, ஆரம், வளையல்னு தனித்தனியா எழுதி, கடையில எடை, கேரட், மதிப்பு எழுதி சீல் வாங்கி, ஒவ்வொண்ணுக்கும் போட்டோ ஒட்டிடுங்க. பட்டியலில் இல்லாத நகையைப் பின்னாடி ஊருக்கு வந்துட்டுக் கொண்டு போனா வரி கேள்வி வரும். "பின்னாடி வரும்" பட்டியலில் கார்கோ போய்ச் சேரும் இடம் ஒன்டாரியோன்னு இருந்தா, அதுவும் ஒரு கேள்விதான்.

ரொக்கமும் டிராஃப்டும் சேர்த்து 10,000 கனடா டாலரோ அதுக்கு மேலயோ இருந்தா அறிவிக்கணும். கொண்டு போறதுக்குத் தடை இல்லை, சொல்லாம விட்டாத்தான் பறிமுதல். ஊறுகாய், நம்ம கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் டின் ஏதாவது வெச்சிருந்தா உணவுன்னு டிக் அடிச்சிடுங்க. வீட்டுல கட்டின பொட்டலம் வேண்டாம்.

ராயக்கோட்டை ரோடு

ரொம்ப நன்றி அண்ணா. அப்ப முதலில் ரெஜைனாதான்னு வீட்டில பேசிட்டோம். ஆனா உண்மையிலேயே வேலை கிடைக்கலைன்னா எப்ப, எப்படி நகரலாம்? எதையெல்லாம் எடுத்து வைக்கணும்?

சனத்குமார நதி

மெஷினிஸ்ட் என்பது சஸ்காட்செவனுக்கு ஒத்துவராத தொழில் இல்லை. விவசாயக் கருவி செய்யும் தொழிற்சாலைகள் அந்த மாகாணத்தில் உண்டு, பொட்டாஷ் சுரங்கங்களுக்குப் பராமரிப்புப் பட்டறைகள் உண்டு. ரெஜைனா, சாஸ்கட்டூன் இரண்டோடு நிற்காமல் சின்ன ஊர்களையும் தேட வேண்டும். தொழிற்சாலை பெரும்பாலும் ஊருக்கு வெளியில் இருக்கும், பஸ்ஸை நம்ப முடியாது. குளிர்காலத்தில் மைனஸ் 30 சாதாரணம். ஆகவே கார் செலவையும் முதல் 6 மாதக் கணக்கில் சேர்க்கவும். நவம்பர், டிசம்பரில் போய் இறங்குவதைவிட ஏப்ரல், மே உகந்தது. சி.ஓ.பி.ஆர். காலாவதி பெரும்பாலும் மெடிக்கல் எடுத்த நாளிலிருந்து 12 மாதத்தை ஒட்டி வரும், அந்தத் தேதியை நீட்டிக்க மாட்டார்கள் என்று எண்ணியே நாளைக் குறியுங்கள்.

ரெஸ்யூமேயில் "சி.என்.சி. ஆபரேட்டர்" என்று மொட்டையாக எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்த கன்ட்ரோலர், எத்தனை ஆக்சிஸ், எந்த உலோகம், எத்தனை மைக்ரான் டாலரன்ஸ், புரோகிராம் எழுதுவாரா, செட்டிங் மட்டுமா என்று இருக்க வேண்டும். மெஷினிஸ்ட் தொழிலுக்கு ரெட் சீல் என்ற தொழில்திறன் சான்று உண்டு. அனுபவச் சான்றிதழைக் காட்டி நேரடியாகத் தேர்வு எழுத மாகாணத் தொழிற்பயிற்சி அமைப்பில் விண்ணப்பிக்கலாம். மணிக்கணக்கில் அனுபவம் கேட்பார்கள், எனவே ஓசூர் கம்பெனிகளிடமிருந்து வேலை விவரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் லெட்டர்ஹெட்டில் இப்போதே வாங்கிவிடவும். போன பிறகு எச்.ஆர். போனை எடுக்க மாட்டார். ரெட் சீல் எல்லா மாகாணத்திலும் செல்லும் என்பதால், பின்னால் நகர்ந்தாலும் வீணாகாது.

எடுத்து வைக்க வேண்டியவை பெரிய விஷயமில்லை. ரெஜைனா வாடகை ஒப்பந்தம், மின்சார பில், மாகாண ஹெல்த் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், குழந்தையின் பள்ளிச் சேர்க்கைக் காகிதம், வங்கிக் கணக்கில் அந்த ஊர்க் கடைகளில் செலவான வரிகள். இவற்றோடு வேலைக்கு விண்ணப்பித்த மின்னஞ்சல்கள், மறுப்புப் பதில்கள், நேர்காணல் தேதிகள். இவை எல்லாம் ஒரு ஃபோல்டரில். யாரும் உடனே கேட்க மாட்டார்கள். சில வருஷம் கழித்து ஒருவேளை கேட்டால், அன்றைக்குத் தேடி எடுக்க முடியாது.

நகர முன் யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை. ஒன்டாரியோ வேலை ஆஃபர் கையில் வந்து போனால் காரணம் தானே தெளிவாக இருக்கும். நகர்ந்த பின் ஹெல்த் கார்டை மாற்ற வேண்டும். புது மாகாணம் காக்கவைத்தாலும் அது 3 மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது மத்தியச் சட்டம், அதுவரை பழைய கார்டு கைகொடுக்கும். பி.ஆர். கார்டு இன்னும் வரவில்லை என்றால் முகவரி மாற்றம் கட்டாயம், இல்லாவிட்டால் கார்டு திரும்பிப் போய்விடும். வருமான வரியில் டிசம்பர் 31 அன்று எந்த மாகாணத்தில் குடியிருந்தாரோ அந்த மாகாண வரிதான் முழு வருஷத்துக்கும்.

இன்னொன்று. இறங்கி, ஸ்டாம்ப் போட்டு, ஒரே வாரத்தில் ஓசூர் திரும்பி நோட்டீஸ் பீரியட் முடிக்கிற திட்டம் சிலரிடம் உண்டு. 5 வருஷத்தில் 730 நாள் கனடாவில் இருந்தால் பி.ஆர். நிற்கும், அதனால் அது செல்லும். ஆனால் பி.ஆர். கார்டை இந்தியாவுக்கு அனுப்ப மாட்டார்கள். கார்டு இல்லாமல் திரும்ப விமானம் ஏற, இங்கிருந்தே தனிப் பயண ஆவணம் எடுக்க வேண்டியிருக்கும்.

மாரண்டஹள்ளி

இதே இழையில் கேட்டுடறேன். தர்மபுரியில் ஸ்டாஃப் நர்ஸா இருக்கிற அக்காவுக்கு ஆஸ்திரேலியா 491 விசா வந்திருக்கு, அடிலெய்டு. கனடா மாதிரியே வேலை கிடைக்கலைன்னா மெல்போர்ன் போயிடலாம்தானே?

சனத்குமார நதி

கூடாது. இங்கே கணக்கே வேறு. 491 நிரந்தர விசா அல்ல, 5 வருஷத் தற்காலிக விசா. எண் 8579 என்ற நிபந்தனை விசாவிலேயே இருக்கிறது: குடியிருப்பது, வேலை பார்ப்பது, படிப்பது மூன்றும் அறிவிக்கப்பட்ட பிராந்தியப் பகுதிக்குள் மட்டும். மீறினால் விசாவையே ரத்து செய்யலாம். நாமினேஷனுக்குக் கிடைத்த 15 பாயின்ட்டுக்கு விலை அது. 190 விசாவில் 5 பாயின்ட்தான், ஆனால் அது நிரந்தரம், விசாவில் இப்படி நிபந்தனை கிடையாது. 2 வருஷம் இருப்பேன் என்று மாநிலத்துக்குத் தரும் வாக்குதான்.

நல்ல செய்தி, பிராந்தியப் பகுதி என்பது பெரிய வட்டம். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் பெருநகரங்கள் போக மற்றதெல்லாம் அதற்குள் வரும். அடிலெய்டு, பெர்த், கான்பெரா, ஹோபார்ட், கோல்டு கோஸ்ட், நியூகாசில், ஜீலாங் எல்லாம் சரி. அடிலெய்டில் அமையாவிட்டால் பெர்த் போகலாம், விசா நிபந்தனை தடுக்காது. அடிலெய்டு இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் நாமினேட் செய்யும்போது தனியாக ஏதாவது எழுதி வாங்கியிருந்தால் அதையும் படித்துக்கொள்ளவும். நர்ஸ் பதிவு அங்கே நாடு முழுக்க ஒன்றுதான் என்பதால் மாநிலம் மாறினால் மறுபடி பதிவு செய்யும் தொல்லை இல்லை. கனடாவில் நர்ஸுக்கு ஒவ்வொரு மாகாணமும் தனிப் பதிவு.

வழுக்கும் இடம் மெல்போர்ன் பக்கத்து ஜீலாங். வாடகை ஜீலாங்கில், ஷிஃப்ட் மெல்போர்ன் ஆஸ்பத்திரியில் என்று ரயிலில் போய்வர நினைப்பார்கள். வீடு பிராந்தியத்தில் இருந்தாலும் வேலை இடம் வெளியே என்றால் மீறல்தான். ஏஜென்சி நர்ஸிங்கில் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள் என்று ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் அஞ்சல் குறியீட்டைப் பார்க்க வேண்டும், பட்டியல் அஞ்சல் குறியீட்டை வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. சிட்னியில் சொந்தக்காரர் வீட்டுக்கு விடுமுறைக்குப் போவது பிரச்சினை இல்லை.

முகவரி, போன், மின்னஞ்சல், பாஸ்போர்ட், வேலை இடம் எது மாறினாலும் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆதாரம் கேட்டு எழுதினால் 28 நாளுக்குள் கொடுக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பில்கள் எல்லாம் வரிசையாக இருக்கட்டும்.

3 வருஷம் 491இல் இருந்து, நிபந்தனைகளைக் காப்பாற்றி, 3 நிதியாண்டுகளுக்கு வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்பு கையில் இருந்தால் நிரந்தரமான 191க்கு விண்ணப்பிக்கலாம். அங்கே நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30. ஜூன் மாதக் கடைசியில் போய் இறங்குகிறவருக்கும் ஜூலையில் இறங்குகிறவருக்கும் கணக்கு வேறுபடும். அந்த 3 வருஷம் முடியும் முன் 189, 190 என்ற நிரந்தர விசாக்களுக்குத் தாவவும் முடியாது, கதவு அடைத்திருக்கும்.

அஞ்செட்டி

ராயக்கோட்டை ரோடு, ஏஜென்ட் விஷயம் ஒண்ணு விட்டுப்போச்சு. கனடா ஃபைலைப் பணம் வாங்கிக் கையாளறவர் ஒண்ணு கனடா வக்கீலா (இல்ல கியூபெக் நோட்டரியா, வக்கீல் சங்க உறுப்பினரா) இருக்கணும், இல்ல அங்குள்ள குடியேற்ற ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தற அமைப்பான 'காலேஜில்' பதிவு செஞ்சவரா இருக்கணும். அந்தப் பதிவேடு இணையத்தில் திறந்தே இருக்கு, பேரைப் போட்டுப் பாருங்க. ஐ.எம்.எம். 5476 படிவத்தில் பிரதிநிதின்னு அவர் கையெழுத்து இருக்கான்னும் பாருங்க. பல ஆபீஸில் அதைப் போடவே மாட்டாங்க, தம்பி பேரிலேயே அக்கவுன்ட் திறந்து, பாஸ்வேர்டை அவங்களே வெச்சுப்பாங்க. அப்படின்னா உள்ள என்ன எழுதியிருக்காங்கன்னு தம்பிக்கே தெரியாது, எழுதினதுக்குப் பொறுப்பு மட்டும் தம்பி தலையில. பாஸ்வேர்டை வாங்கி, போட்ட படிவங்களைப் பி.டி.எஃப்.பா இறக்கி, வேலை விவரம், உறவினர் பட்டியல், போகும் ஊர் மூணையும் சரிபாருங்க. பிராம்ப்டன் மாமா பையன் பேரை மறைச்சிருந்தா, விசா வர்றதுக்கு முன்னாடி வெப் ஃபார்மில் திருத்தம் அனுப்பிடுங்க. அங்க சொந்தம் இருக்கறது தப்பில்லை.

ராயக்கோட்டை ரோடு

பாஸ்வேர்ட் அவர்கிட்டதான் இருக்கு. நாளைக்கே பெங்களூரு போய் வாங்கிடறேன் அண்ணா.